லிட்மஸ் தாளும் சுறாப் பல்லும்

1910களின் அமெரிக்க இதழ்களில் பெபெகோ என்றொரு பற்பசையின் விளம்பரம் விடாது வந்துகொண்டிருந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலிருந்த பயர்ஸ்டோர்ஃப் நிறுவனம் 1905இல் கொண்டுவந்த பசை அது. சில ஆண்டுகளில் நிவியா களிம்பைச் செய்யவிருந்ததும் அதே நிறுவனம்தான். அமெரிக்காவில் பெபெகோவை விற்ற லேன் அண்டு ஃபிங்க் நிறுவனத்தார், எழுதிக் கேட்பவர்களுக்குப் பத்து நாளைக்கான மாதிரிக் குழாயையும் அதனுடன் சில லிட்மஸ் தாள்களையும் இலவசமாக அஞ்சலில் அனுப்பிவைத்தார்கள். நீலத் தாளை நாவில் நனைத்து எடுக்க வேண்டும். அது சிவந்துவிட்டால் உங்களுடையது 'அமில வாய்'. பற்சொத்தைக்கு அதுவே மூல காரணம் என்றும், பெபெகோ அதைப் போக்கும் என்றும் விளம்பரம் கூறியது. பள்ளி ஆய்வுக்கூடத்துச் சோதனை ஒன்றை வீட்டுக் குளியலறைக்குக் கொண்டுவந்து, அதன் வழியாக ஓர் அச்சத்தையும் கொண்டுசேர்த்த வணிகத் தந்திரம் இது. பற்பசையில் அமிலமா காரமா என்ற நூறாண்டு வழக்கின் வரலாற்றை இந்தத் தாளிலிருந்தே தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

தாளின் பின்னால் மெய்யான அறிவியல் ஒன்று இருக்கவே செய்தது. வில்லபி டேட்டன் மில்லர் என்ற அமெரிக்கர் பெர்லினில் பல் மருத்துவராக இருந்தவர். ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிரியல் பயின்றவர். வாயிலுள்ள நுண்ணுயிரிகளைப் பற்றிய அவருடைய நூலின் ஆங்கில வடிவம் 1890இல் வெளிவந்தது. பல்லில் ஒட்டிய மாவையும் சர்க்கரையையும் நுண்ணுயிரிகள் நொதிக்கவைக்கின்றன, அதில் பிறக்கும் அமிலம் பல்லின் சுண்ணத்தைக் கரைக்கிறது என்பது அவர் நிறுவிய உண்மை. அதுவரை உலகம் பல்லைப் புழு குடைவதாகவே நம்பிவந்தது. பாபிலோனியக் களிமண் ஏட்டில் பற்புழு வருகிறது. நம் ஊர்களில் இன்றும் 'பூச்சிப்பல்' என்றே சொல்கிறோம். பூச்சி என்று சொன்ன நம் பாட்டிமார்கள் முழுக்கத் தவறிவிடவில்லை என்றே நான் நினைக்கிறேன். பூச்சி கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அது கடிப்பதில்லை, தின்றுவிட்டு அமிலத்தைக் கழிக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

மில்லரின் கண்டுபிடிப்பிலிருந்து வணிகம் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வாக்கியத்தை: அமிலம் பகை. அமிலம் பகையென்றால் காரம் நட்பாகத்தானே இருக்க வேண்டும்? வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் மெக்னீசியப் பால்மத்தைப் பற்பசையில் கலந்து, ஈறும் பல்லும் கூடும் இடமே அமிலம் தாக்கும் 'அபாயக் கோடு' என்று 1920களில் ஸ்குவிப் நிறுவனம் விளம்பரம் செய்தது. பிலிப்ஸ் நிறுவனமும் தன் மெக்னீசியப் பால்மத்தைப் பல்லுக்கென்று தனியே விற்றது. பெபெகோவோ இந்த வரிசையில் சேராத வேடிக்கையான சரக்கு. அதன் முக்கியப் பொருளான பொட்டாசியம் குளோரேட், தீக்குச்சித் தலையில் இருப்பது. அது காரமே அன்று. அதன் உவர்ப்பு எச்சிலை ஊறவைக்கும். புதிதாக ஊறிவரும் எச்சில் சற்றே காரத்தன்மை கொண்டது; தாளின் நிறத்தை மாற்றவல்லது அதுதான்.

லிட்மஸ் தாளோ மிக மோட்டாவான கருவி. அமில காரத்தை அளக்கும் பி.எச். அளவுகோலில் 7 என்பது நடுநிலை; அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு படியிலும் அமிலம் பத்து மடங்கு கூடும். லிட்மஸ் தாளின் நிறம் ஏறத்தாழ 4.5இலிருந்து 8.3 வரை மெல்ல மெல்ல மாறுவது. இயல்பான எச்சில் இதற்கு நடுவே எங்கேனும் நிற்கும். சொத்தையின் தலையெழுத்து தீர்மானிக்கப்படுவதோ நாவின் மேல் அன்று. பல்லோடு ஒட்டிய மெல்லிய படலத்துக்கு அடியில், தாள் நுழைய முடியாத இடத்தில்.

அமிலம் பகையென்ற கூச்சலுக்கிடையே மாற்றுக் குரல்கள் இரண்டு ஒரே ஆண்டில் எழுந்தன. நியூசிலாந்தின் டனீடன் நகரில், ஒட்டாகோ பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பள்ளியின் முதல் தலைவராயிருந்த ஹென்றி பெர்சி பிக்கரில் 1912இல் சொத்தைத் தடுப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். (பின்னாளில் போரில் முகம் சிதைந்தவர்களைச் சீராக்கிய அறுவை மருத்துவராகவும் இவர் புகழ்பெற்றார்.) சோப்பும் சுண்ணமும் கலந்த காரப் பற்பொடிகள் எச்சில் சுரப்பை மந்தமாக்குகின்றன, புளிப்பான பழங்களோ எச்சிலைப் பெருக்கி, அதன் மூலம் வாயைக் காரமாக்குகின்றன, ஆகவே உணவைப் பழத்தோடு முடியுங்கள் என்பது அவர் வாதம். புளிப்பைத் தின்று காரத்தைப் பெறு என்று ஒருவர் சொன்னால் அன்றைய பல் மருத்துவம் எப்படி எடுத்துக்கொண்டிருக்கும் என்று ஊகிக்கலாம். அவருடைய பரிந்துரையை இன்று அப்படியே ஏற்க முடியாது. பழச்சாற்றில் பல்லை நனைத்துக்கொண்டே இருந்தால் எனாமல் அரிக்கும். ஆனால் அமிலத்தையும் எச்சிலையும் பிரிக்காமல் ஒருசேர வைத்துப் பார்த்த பார்வை அவருடையது.

அதே 1912இல், ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஜோசப் ஹெட் தம் ஆய்வொன்றை அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். நீர்த்த அமிலத்தில் இட்ட பல்லின் மேற்பரப்பு மென்மையாகியது; அதே பல்லை எச்சிலில் வைத்தபோது மீண்டும் கடினமாகியது. எனாமல் உயிரற்ற பொருள். அதில் அணுக்கள் இல்லை, குருதியோட்டம் இல்லை. போனது போனதுதான் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. பழுதான இடத்தைத் தோண்டி எடுத்து அடைப்பதே மருத்துவம். இழந்த தாதுவை எச்சில் திரும்பத் தரும் என்ற செய்தி, அந்தத் தோண்டும் தொழிலுக்கு நடுவே ஏறக்குறைய அரை நூற்றாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தது.

எச்சில் என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். நம் வழக்கில் அது தீட்டு. எச்சில் இலை, எச்சில் பாத்திரம், எச்சில் சோறு என்று ஒதுக்கப்பட வேண்டியவற்றுக்கெல்லாம் அடைமொழி. காதல் பாடிய புலவர்கள் மட்டுமே அதை அமிழ்தமாகக் கண்டார்கள். வேதியியல் இந்த வழக்கில் புலவர் பக்கம் நிற்கிறது. எச்சில் என்பது சுண்ணமும் பாஸ்பேட்டும் மிகையாகக் கரைந்த நீர். பல் கரையாமல் காப்பதும், கரைந்ததைத் திருப்பித் தருவதும் அதன் அன்றாடப் பணி.

*

எனாமலில் எடைக்கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் தாது. ஹைட்ராக்ஸிஅபடைட் என்னும் சுண்ணப் பாஸ்பேட் படிகங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டவை அவை. நம் புலவர்கள் பல்லுக்கு முல்லை அரும்பையும் முத்தையும் உவமை சொன்னார்கள். முத்து உவமை வேதியியலுக்கு வெகு அருகே வந்து சற்றே விலகுகிறது. முத்து சுண்ணக் கார்பனேட். அமிலத்திலிட்டால் நுரைத்துக் கரையும். பல் சுண்ணப் பாஸ்பேட். நுரைக்காமல் சத்தமின்றிக் கரையும். முத்தின் அதே கார்பனேட்தான் சுண்ணாம்புக் கல்லிலிருந்து எடுக்கப்பட்டு, தேய்ப்பதற்காகப் பற்பசையில் சேர்க்கப்படுகிறது. முத்தையொத்த பல்லை முத்துப் பொடியால் துலக்குகிறோம் என்று சொன்னால் மிகையாகாது.

படலத்துக்கு அடியில் நடப்பதை முதன்முதலில் அளந்து காட்டியவர் ராபர்ட் ஸ்டீபன். 1940களின் தொடக்கத்தில் ஆன்டிமனியாலான நுண்ணிய மின்முனையைப் பல்லின் மேற்பரப்பிலேயே வைத்து, சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளித்தவர்களின் பி.எச். மாற்றத்தை அவர் பதிவு செய்தார். சில நிமிடங்களுக்குள் அது சரசரவென்று 5ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இறங்குகிறது; பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் மெதுவாக ஏறிப் பழைய நிலைக்கு வருகிறது. பாடநூல்களில் 'ஸ்டீபன் வளைகோடு' எனப்படும் இந்தப் பள்ளமே சொத்தையின் வரலாறு. எனாமல் கரையத் தொடங்கும் எல்லை ஏறத்தாழ 5.5 என்று பின்னர் கணக்கிட்டார்கள்.

இந்த 5.5ஐ ஒரு மந்திர எண்ணாக எடுத்துக்கொண்டதில்தான் பாதிக் குழப்பம் விளைந்தது. சுற்றியுள்ள நீரில் சுண்ணமும் பாஸ்பேட்டும் எவ்வளவு இருக்கின்றன என்பதைப் பொறுத்து அந்த எல்லை நகரும். ஏற்கெனவே உப்பு நிறைந்த நீரில் மேலும் உப்பு கரையாதது போலத்தான். தயிரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பி.எச். 4ஐ ஒட்டியது, கணக்குப்படி பார்த்தால் தயிர்ச்சோறு உண்பவர் பல்லெல்லாம் கரைந்திருக்க வேண்டும். கரைவதில்லை. தயிரில் சுண்ணமும் பாஸ்பேட்டும் அவ்வளவு நிறைந்திருப்பதால், அந்த அமிலத்துக்குப் பல்லிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எதுவுமில்லை. எலுமிச்சைச் சாற்றின் கதை வேறு. பி.எச். 2ஐ ஒட்டி நிற்கும் அதில் சுண்ணமும் சொற்பம். அதோடு சிட்ரிக் அமிலம் சுண்ணத்தைப் பற்றி இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. பல் வெளுக்க எலுமிச்சையையும் உப்பையும் சேர்த்துத் தேய்க்கச் சொல்லும் குறிப்புகளைப் பெண்கள் பத்திரிகைகளில் நெடுங்காலமாகக் காண்கிறோம். வெளுப்பது உண்மைதான், மேல்தோலை உரித்தால் எதுவும் சிறிது நேரம் வெளுப்பாகத்தான் தெரியும்.

ஆக, அமிலமா காரமா என்ற கேள்வி அரைக் கேள்வி. அமிலத்தோடு வேறு என்ன கரைந்திருக்கிறது என்பதே மற்றப் பாதி. பற்பசையைப் பொறுத்தவரை அந்த 'வேறு என்ன' என்பதன் பெயர் ஃப்ளோரைடு.

*

ஃப்ளோரைடின் கதை பலமுறை சொல்லப்பட்டது, விரைந்து கடக்கிறேன். 1901இல் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு வந்த பிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர், அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறையைக் கண்டார். கறை படிந்த அந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருந்தது. குடிநீரில் மிகுந்திருந்த ஃப்ளோரைடே காரணம் என்பதை 1931இல் வேதியியலாளர் சர்ச்சில் கண்டறிந்தார். இதே பொருளின் கொடிய முகம் சென்னை மாகாணத்தில் 1937இல் ஆவணமாயிற்று. கிண்டி கிங் நிலையத்தின் இயக்குநராயிருந்த ஷார்ட்டும் அவருடைய சகாக்களும் நெல்லூர்ப் பகுதி மக்களின் எலும்புகள் இறுகி வளைந்துபோனதைக் கிணற்று நீரின் ஃப்ளோரைடோடு இணைத்துக் காட்டினர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அந்தத் துயரம் நாம் அறிந்ததே. இந்த இரண்டாவது முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கட்டுரையின் பிற்பகுதியில் அது திரும்ப வரும்.

குடிநீரில் பயன்படுவதைப் பற்பசையில் கலந்தால் என்ன? 1945இல் பேசில் பிபி அந்தச் சோதனையின் முடிவை வெளியிட்டார். பிபி நியூசிலாந்தில் பிறந்து, பிக்கரில் தோற்றுவித்த அதே ஒட்டாகோ பள்ளியில் படித்து அமெரிக்கா சென்றவர். சோதனை தோற்றது. பசையில் சோடியம் ஃப்ளோரைடு இருந்தும் சொத்தை குறையவில்லை. தேய்ப்பதற்காகப் பசையில் போட்ட சுண்ணச் சேர்மமே ஃப்ளோரைடைப் பிடித்து வைத்துக்கொண்டது. பல்லுக்குச் சேரவேண்டியது குழாய்க்குள்ளேயே செலவாகிவிட்டது. வேலிக்காகப் போட்ட முள் பயிரை மூடிய கதை. பிபி சோர்ந்துவிடவில்லை. 1947இல் பலவகை ஃப்ளோரைடுக் கரைசல்களை ஒப்பிட்டபோது, கரைசல் அமிலமாக இருந்தால் எனாமலில் அதன் பயன் கூடுவதைக் குறித்தார். மில்லர் காட்டிய பகைவனைத் துணைக்கழைத்த முதல் குறிப்புகளில் இது ஒன்று.

அடுத்த இருபது ஆண்டுகளில் பற்பசை உலகம் இரண்டு குடிகளாகப் பிரிந்தது என்பது என் வாசிப்பு. ஒன்று அமிலக் குடி. மற்றது சுண்ணக் குடி.

அமிலக் குடியின் முதல் வாரிசு கிரெஸ்ட். இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஜோசப் முலரும் ஹாரி டேயும் வில்லியம் நெபர்காலும் வெள்ளீய ஃப்ளோரைடை ஆராய்ந்தார்கள். அதற்குத் தோதாக, ஃப்ளோரைடை அதிகம் பிடித்துவைக்காத கால்சியம் பைரோபாஸ்பேட்டைத் தேய்பொருளாகக் கொண்டார்கள். 1955இல் சோதனைச் சந்தைக்கு வந்த கிரெஸ்ட், 1960இல் அமெரிக்கப் பல் மருத்துவக் கழகத்தின் ஏற்பைப் பெற்றது. வெள்ளீய ஃப்ளோரைடு நடுநிலை நீரில் சிதைந்துபோகும், அமிலத்தில்தான் நிலைக்கும். ஆகவே பசை அமிலப் பக்கம் இருக்க நேர்ந்தது. அமிலத்தின் நன்மையை நாடி அன்று, வெள்ளீயத்தைக் காப்பாற்றுவதற்காகவே முதல் வெற்றிப் பசை அமிலமாயிற்று என்பதை வரலாற்றின் தற்செயல்களில் ஒன்றாகவே கொள்ள வேண்டும். 1962இல் சுவிட்சர்லாந்தில் வெளிவந்த எல்மெக்ஸ் பசையின் அமீன் ஃப்ளோரைடும் அமிலத் தன்மையுடையதே.

அறிந்தே அமிலத்தை நாடியவர் ஃபின் புருடெவோல்ட். பாஸ்டன் நகரின் ஃபோர்சைத் பல் மருத்துவ நிலையத்தில் அவர் 1963இல் வெளியிட்ட கலவை, பாஸ்பாரிக் அமிலத்தோடு நூற்றுக்கு 1.23 பங்கு ஃப்ளோரைடு சேர்ந்தது, பி.எச். 3ஐ ஒட்டியது. எனாமல் கரையும் எல்லையைவிட நூறு மடங்குக்கும் மேற்பட்ட அமிலம்! அதைக் குழந்தைகளின் பல்லில் நான்கு நிமிடம் பூசிவைக்கச் சொன்னார். பல் கரைந்துவிடாதா? கொஞ்சம் கரையும். கரைந்த சுண்ணம் அங்கேயே ஃப்ளோரைடோடு சேர்ந்து பல்லின்மேல் படியும். கலவையிலுள்ள பாஸ்பேட், கரைதல் வரம்பு மீறாமல் இழுத்துப் பிடிக்கும். உலகெங்கும் பல் மருத்துவமனைகளில் அது பல பத்தாண்டுகள் வழக்கிலிருந்தது. பீங்கானால் செய்த செயற்கைப் பற்களின் பளபளப்பை அது அரித்துவிடும் என்பதால், அவை பொருத்தியவர்களுக்கு மட்டும் தவிர்க்கச் சொன்னார்கள்.

சுண்ணக் குடியும் சும்மா இருக்கவில்லை. ஃப்ளோரைடைப் பாஸ்பேட்டோடு பிணைத்த சோடியம் மோனோஃப்ளோரோபாஸ்பேட் என்ற சேர்மம், சுண்ணம் பிடித்துக்கொள்ளாத வடிவில் ஃப்ளோரைடைச் சுமந்து செல்லும். கோல்கேட் 1960களின் பிற்பகுதியில் அதைக் கையாண்டது. சுண்ணக்கல் பொடி மலிவு. அதனால் இந்தியா, பிரேசில் போன்ற நாடுகளில் இந்தக் காரப் பசையே பெருவழக்காயிற்று. அது தாழ்ந்த சரக்கு என்று யாரும் எண்ண வேண்டாம். படலத்தில் தங்கிய சுண்ணக் கார்பனேட் அமிலத்தை நடுநிலையாக்கவும் உதவும். கிரெஸ்ட்கூட 1981இல் வெள்ளீயத்தை விட்டு, சிலிக்காவும் சோடியம் ஃப்ளோரைடும் சேர்ந்த கலவைக்கு மாறியது. அமிலக் குடி ஒடுங்கிவிட்டது போலத் தோன்றிய காலம் அது.

*

இடையில் அறிவியலின் அடிப்படை நம்பிக்கை ஒன்று சரிந்தது. பல்லின் படிகத்துக்குள் ஃப்ளோரைடு நிலையாகக் குடியேறி, ஹைட்ராக்ஸிஅபடைட்டை ஃப்ளோரஅபடைட்டாக மாற்றிவிட வேண்டும். அப்படி மாறிய பல்லை அமிலம் எளிதில் கரைக்காது. இதுவே நெடுங்கால நம்பிக்கை. அமிலக் கலவைகள் பல்லின்மேல் உதிரியாகப் படியவைத்த கால்சியம் ஃப்ளோரைடை வீண் செலவு என்று பலர் கருதினர். எச்சிலில் மெல்லக் கரைந்து போய்விடுகிறதே!

1988இல் ஆஸ்லோவில் பியோர்ன் ஓகார்டும் சகாக்களும் ஒரு சோதனையை வெளியிட்டனர். சுறாமீனின் பல் இயற்கையிலேயே ஏறக்குறையத் தூய ஃப்ளோரஅபடைட். மனிதப் பல் எந்தப் பசையாலும் அடைய முடியாத நிலை அது. சுறாப் பல்லின் துண்டுகளையும் மனிதப் பல்லின் துண்டுகளையும் கழற்றி மாட்டும் சாதனத்தில் பொருத்தி, மனிதர் வாயிலேயே படலம் சேரும்படி சில வாரங்கள் விட்டுவைத்தனர். மனித எனாமல் அளவுக்கு இல்லை. ஆனாலும் சுறாப் பல்லிலும் தாது கரைந்தது. ஃப்ளோரைடாலேயே ஆன பல்லுக்கும் சொத்தை தொடங்க முடியும்! பல்லுக்குள் பூட்டிவைத்த ஃப்ளோரைடு காவலனாகாது. அமிலம் தாக்கும் அந்த நேரத்தில் சுற்றியுள்ள நீரில் கரைந்து நிற்கும் ஃப்ளோரைடே காவல். எச்சிலில் மெல்லக் கரைகிறது என்று பழித்த கால்சியம் ஃப்ளோரைடு, இப்போது வைப்புநிதியாக மதிக்கப்பட்டது. நடுநிலையில் அது அடங்கிக் கிடக்கும். அமிலம் வரும்போது கரைந்து ஃப்ளோரைடை விடும். அதை அதிகம் படியவைப்பது அமிலப் பசை. பழிக்கப்பட்டதே சிறப்பாயிற்று.

கரைந்த தாது திரும்புவதற்கான சான்றும் அதற்குள் குவிந்திருந்தது. அலபாமாவில் தியடோர் கூலூரிடிஸ் 1960களில், அமிலத்தால் மென்மையான எனாமலைச் சுண்ணப் பாஸ்பேட் கரைசலில் மீண்டும் கடினமாக்கிக் காட்டினார். துளி ஃப்ளோரைடு அதை விரைவுபடுத்தியது. 1966இல் நெதர்லாந்தின் பாக்கர் டர்க்ஸ் வெளியிட்ட கணக்கு எனக்கு இன்னும் பிடித்தமானது. எட்டு வயதுக் குழந்தைகளின் பற்களில் சொத்தையின் முதல் அடையாளமான வெண்புள்ளிகள் 72. அதே பிள்ளைகள் பதினைந்து வயதானபோது அவற்றுள் 37 மறைந்து பல் நலமாகியிருந்தது. 26 அப்படியே நின்றன. 9 மட்டுமே குழியாயின. அந்த 72ஐயும் எட்டு வயதிலேயே தோண்டி அடைத்திருந்தால் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த வெண்புள்ளி ஒரு விசித்திரமான புண். மேற்பரப்பு மூடியிருக்கும், கரைந்த இடம் உள்ளே இருக்கும். வெளியிலிருந்து தாதுவைக் கொண்டுபோனால், காரமான அல்லது நடுநிலையான சூழலில் அது வாசலிலேயே விரைந்து படிந்து துளைகளை அடைத்துவிடும். உள்ளறை வெறுமையாகவே இருக்கும். சற்றே அமிலமான சூழலில் படிதல் மெதுவாகும். தாது உள்ளே போகும் வரை வாசல் திறந்திருக்கும். புருடெவோல்ட் பணியாற்றிய அதே ஃபோர்சைத் நிலையத்தில் யமசாகியும் மார்கோலிசும், போதிய ஃப்ளோரைடு உடனிருந்தால் அமிலச் சூழலில் எனாமல் சீராவது மேம்படுகிறது என்பதை 2008இல் ஆய்வுக்கூடத்தில் காட்டினர்.

ஃப்ளோரைடும் அமிலத்தில் வடிவம் மாறுகிறது. மின்னேற்றம் கொண்ட ஃப்ளோரைடு அயனி, ஹைட்ரஜனோடு சேர்ந்து மின்னேற்றமற்ற மூலக்கூறாகும். அந்த வடிவில் அது எனாமலின் நுண்துளைகளுக்குள்ளும் நுண்ணுயிரியின் சவ்வுக்குள்ளும் எளிதாகப் புகும். பி.எச். 4.5இல் ஃப்ளோரைடில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கு அந்த வடிவில் இருக்கும். 7இல் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு. இருநூறு, முந்நூறு மடங்கு வேறுபாடு.

*

இந்த வேறுபாடு யாருக்கு வேண்டும்? துப்பத் தெரியாத குழந்தைக்கு வேண்டும்.

நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை தூரிகையிலுள்ள பசையில் கணிசமான பகுதியை விழுங்கிவிடுகிறது. இனிப்பாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஈறுக்குள் நிரந்தரப் பற்கள் உருவாகிக்கொண்டிருக்கும் பருவம் அது. விழுங்கிய ஃப்ளோரைடு மிகுந்தால், ஆறேழு வயதில் முளைக்கும் பல் வெண்கோடுகளோடோ கறையோடோ முளைக்கும். பிரேசிலில் 1974ஆம் ஆண்டின் சட்டத்தால் குடிநீரிலும் ஃப்ளோரைடு சேர்ந்தது. நீரிலும் பசையிலும் ஃப்ளோரைடு பெறும் குழந்தைக்குப் பசையின் ஃப்ளோரைடைப் பாதியாக்கலாம். ஆனால் பாதியாக்கினால் சொத்தையைத் தடுக்கும் வலுவும் குறைந்துவிடுமே? இழந்த வலுவை அமிலத்தால் ஈடுகட்ட முடியுமா என்பதே சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தின் பவுரு பல் மருத்துவப் பிரிவில் மரீலியா புசலாஃப் குழுவினர் எழுப்பிய கேள்வி. ஆய்வுக்கூடச் சோதனைகளுக்குப் பின், ஏறத்தாழ ஆயிரத்து நானூறு நான்கு வயதுக் குழந்தைகளிடம் இருபது மாதங்கள் நடந்த சோதனையின் முடிவு 2010இல் வெளிவந்தது. பத்து லட்சத்தில் 550 பங்கு ஃப்ளோரைடும் 4.5 பி.எச்.சும் உடைய நீர்மப் பசை, 1100 பங்கு ஃப்ளோரைடுள்ள வழக்கமான நடுநிலைப் பசைக்குச் சொத்தைத் தடுப்பில் பின்தங்கவில்லை.

இதை அமிலக் குடியின் இறுதி வெற்றியாக நான் கொள்ளவில்லை. ஃப்ளோரைடு கலந்த நீர் குடித்த ஊரில் நடந்த சோதனை அது; அந்த நீரில்லாத ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது. அதே 2010இல் காக்ரேன் அமைப்பு தொகுத்த பேராய்வு, ஆயிரம் பங்குக்குக் குறையாத பசைகளுக்கே உறுதியான சான்று இருப்பதாகக் கண்டது. அமிலம் துணைநிற்பது ஃப்ளோரைடு உடனிருக்கும்போது மட்டுமே என்பதும் முக்கியம். ஃப்ளோரைடற்ற அமிலப் பசை எலுமிச்சைச் சாற்றின் உறவினர். சுண்ணக்கல் பொடியோ அமிலத்தில் நுரைத்துக் கரைவது; மலிவான நம் பசைகளில் 4.5 என்பது வேதியியலாலேயே கைகூடாது. பற்பசைக்கான இந்தியத் தரநிர்ணயத்தின் 2001ஆம் ஆண்டுப் பதிப்பும் 5.5 முதல் 10.5 வரையே பி.எச்.சுக்கு இடம் தந்தது. பவுருவின் நீர்மப் பசைக்கு அந்த வாசலில் நுழைவில்லை.

விழுங்கும் குழந்தையின் சிக்கலுக்கு வேறொரு விடையும் அந்த ஆண்டுகளிலேயே வழக்குக்கு வந்தது. 2014இல் அமெரிக்கப் பல் மருத்துவக் கழகம், மூன்று வயது நிறையாத குழந்தைக்குத் தூரிகையில் ஓர் அரிசி அளவு பசையும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் போதுமென்றது. அரிசி அளவுப் பசை ஏறத்தாழ 0.1 கிராம், ஆயிரம் பங்குப் பசையானால் அதிலுள்ள ஃப்ளோரைடு 0.1 மில்லிகிராம். முழுவதையும் விழுங்கினாலும் அவ்வளவுதான். விளம்பரங்களில் தூரிகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அலையலையாகப் பிழிந்துவைக்கும் பசையோ ஏறக்குறைய ஒரு கிராம். அரிசி அளவைப்போலப் பத்து மடங்கு.